அணைந்திருக்கும் விளக்கை நம்பலாமா?

"சென்சார் கோளாறுதான் சார், ஒன்றும் ஆகாது. ஓட்டுங்கள்." கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில், பெட்ரோல் பங்க்கில், கல்யாண மண்டப வாசலில் நமக்காக பானெட்டைத் திறந்து பார்க்கும் உறவினரிடமிருந்து என்று எங்கிருந்தாவது அது வந்துவிடும். சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. நம் பதற்றத்தைத் தணிக்கத்தான் சொல்கிறார்கள். நாமும் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறோம். ஆனால் சில வருடங்களாகவே இந்தப் பேச்சு எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால், அது எதற்காக எரிகிறது என்று கேட்பதற்கு முன்பே அதை எப்படி அணைப்பது என்று யோசிக்கப் பழகிவிட்டோம்.

கோவையிலிருந்து பழனிக்குக் குடும்பத்தோடு ஒரு வாடகைக் காரில் போனோம். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். "என்ஜின் லைட்டுங்க. ராத்திரியில் கண்ணை உறுத்துகிறது" என்றார் டிரைவர். நல்ல டிரைவர் அவர். வழி முழுவதும் கைப்பேசியைத் தொடவில்லை, பொள்ளாச்சி நெரிசலில் ஒருமுறைகூட அவசரப்படவில்லை, என் அம்மா இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படிப்பட்டவர் ஏன் டேப் ஒட்ட வேண்டும்? திரும்பி வரும்போது அவரே சொன்னார். முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். வண்டி ஓடுகிறது அல்லவா, பிறகு என்ன என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்த விளக்கு அவருக்குப் பயன்படாத ஒரு தொல்லை. பார்ப்பவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் இருப்பவர் வண்டியில் உட்காருவதில்லை.

எண்ணெய்க் குடுவை

எல்லா விளக்குகளிலும் நான் அதிகம் அஞ்சுவது அந்தச் சிவப்பு எண்ணெய்க் குடுவையைத்தான். மூக்கின் நுனியில் ஒரு சொட்டு தொங்கும் சின்னக் குடுவை. ஆயில் குறைந்துவிட்டது, அடுத்த சர்வீஸில் ஊற்றிக்கொள்ளலாம் என்றுதான் பலரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. இந்த வித்தியாசம் தெரியாததால் என் சித்தப்பா வீட்டில் ஒரு என்ஜினே போனது.

சித்தப்பா மகன் திருச்சியிலிருந்து கோவைக்கு இரவில் வந்துகொண்டிருந்தான். சில நாட்களுக்கு முன்புதான் ஆயில் மாற்றியிருந்தார்கள். ஆயிலை வடிக்கும் நட்டில் போட வேண்டிய புது வாஷரைப் போடாமல் பழையதையே போட்டு முறுக்கிவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. கரூர் தாண்டியதும் மேம்பால வளைவில் திரும்பும்போது குடுவை ஒரு கணம் மின்னி அணைந்தது. நேராகப் போகும்போது எரியவில்லை. டோல்கேட்டில் வண்டி நின்றபோது மறுபடி மினுக்கியது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அணைந்தது. ஆயில் மாற்றிச் சில நாள்தானே ஆகிறது, ஒயர் ஏதோ தளர்ந்திருக்கும் என்று அவன் நினைத்தான். அவன் படித்த, நிதானமான பையன். அந்த இடத்தில் பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். ஆயில் குறையும்போது, வண்டி வளைவில் திரும்பினால் எஞ்சியிருக்கும் ஆயில் தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. உறிஞ்சும் குழாயின் வாய் ஒரு கணம் காற்றில் நிற்கிறது. அந்தக் கணம்தான் விளக்கு மின்னுகிறது. வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் அழுத்தம் விழுகிறது, மிதித்தால் ஏறுகிறது. சூடான என்ஜின் சாலையில் ஓடும்போது ஆயில் அழுத்தம் பொதுவாக 2 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் பல கார்களில் 0.3 முதல் 0.5 பார் அளவுக்குக் கீழே போனால்தான் வேலை செய்யும். அழுத்தம் பாதியாகக் குறையும்போதும் அது பேசாது, கால்வாசி ஆகும்போதும் பேசாது. ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் எரிகிறது. என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவதற்கு நடுவில் இருப்பது மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு கனமுள்ள ஆயில் படலம் மட்டுமே. அந்தப் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கணக்குப் போடுவதற்கு அங்கே இடமே இல்லை. சில நிமிடங்கள்தான்.

காங்கேயத்துக்கு முன்பு விளக்கு நிலையாக எரிய ஆரம்பித்தது. ஊருக்குள் போய் நிறுத்தலாம் என்று ஓட்டினான். அடியிலிருந்து டொக் டொக் என்ற சத்தம் வந்தது, பிறகு என்ஜின் நின்றது. உள்ளே இறுகிச் சீஸ் ஆகிவிட்டது. மறுநாள் மெக்கானிக் பிரித்துக் காட்டிய பேரிங் பிறையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டிய அதன் உட்புறம் நீலம் பாய்ந்து, உழுத நிலம் போல வரிவரியாகக் கிழிந்திருந்தது. முதல் மினுக்கலிலேயே ஓரமாக நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்து, அருகிலுள்ள பங்க்கில் ஆயில் வாங்கி ஊற்றியிருந்தால் அந்த என்ஜின் இன்றும் ஓடும்.

டேஷ்போர்டின் சிவப்பு விளக்குகளில் பலவும் இப்படித்தான். அவற்றுக்கு முன்னால் வர வேண்டிய எச்சரிக்கையெல்லாம் நம் கண்ணிலும் கையிலும் கிடைத்திருக்க வேண்டியவை. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்ததும் புது பேட்டரி வாங்க ஓடுகிறார்கள். ஓடும் வண்டியில் அது எரிந்தால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று பொருள். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கெட்டிருக்கலாம், அல்லது அதைச் சுற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம். பல கார்களில் அதே பெல்ட்தான் என்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பேட்டரி விளக்குதானே, வீடு போய்ச் சேரலாம் என்று ஓட்டினால் சில கிலோமீட்டரில் என்ஜின் கொதித்து, அதன் தலைப்பகுதியை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடக்கூடும்.

சென்சார்தான் என்றால்?

மஞ்சள் விளக்குகளின் சங்கதி வேறு. அவை உடனே நிற்கச் சொல்வதில்லை, சீக்கிரம் கவனிக்கச் சொல்கின்றன. பொறுமையாக எரிவதாலேயே அவற்றை அதிகம் அலட்சியப்படுத்துகிறோம். என்ஜின் வடிவத்தில் எரியும் மஞ்சள் விளக்கைத்தான் பழனி டிரைவர் டேப்பால் மறைத்திருந்தார். நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் காட்டலாம். அதுவே மினுக் மினுக் என்று சிமிட்டினால் பொறுக்கக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது என்று அதற்குப் பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சில நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு, பல்லாயிரம் ரூபாய் கன்வெர்ட்டரில் போய் நிற்கும்.

சென்சார் கோளாறு என்று சொல்பவர் சரியாகவே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்றும் ஆகாது என்ற முடிவுக்கு எப்படி வருகிறார் என்பதுதான் எனக்குப் புரியாத இடம். சென்சார் அலங்காரத்துக்கு வைத்த பொருளா? புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்லும் தகவலை வைத்துத்தான் என்ஜினின் கணினி எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று தீர்மானிக்கிறது. அது கெட்டால் கணினி குருட்டுக் கணக்கில் பெட்ரோலை அதிகமாகத் தெளிக்கக்கூடும். மைலேஜ் விழும், பிளக் கரி பிடிக்கும், கன்வெர்ட்டர் சூடேறும். ஏபிஎஸ் என்பது பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. சக்கரத்தின் அருகில் இருக்கும் அதன் சென்சாரில் சேறு படிந்தோ ஒயர் அறுந்தோ விளக்கு எரிந்தால், பிரேக் வழக்கம்போல் பிடிக்கும்தான். ஆனால் மழையில் ஒரு மாடு குறுக்கே வந்து நாம் முழு வேகத்தில் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம் என்று சட்டம் வந்தது அந்த ஒரு நொடிக்காகத்தான். சென்சார் கோளாறு என்பதும் கோளாறுதான்.

இப்போது இன்னொரு பழக்கம் பரவியிருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூடூத் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு பேச வைத்திருக்கும் ஓபிடி துளையில் சொருகி, கைப்பேசியிலேயே பிழைக் குறியீட்டை அழித்துவிடுகிறார்கள். அந்தக் கருவி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எந்தச் சிலிண்டர், எந்தச் சென்சார் என்று அது காட்டும் குறியீட்டை எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் பேச்சு சுருக்கமாக முடியும், தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்லவும் மாட்டார். படிக்காமலே அழிப்பதுதான் கேடு. குறியீட்டோடு சேர்ந்து, கோளாறு நடந்தபோது என்ஜினின் சூடு, வேகம், சுமை எவ்வளவு இருந்தது என்று கணினி பதிந்துவைத்த விவரமும் போய்விடுகிறது. கோளாறு அப்படியே இருக்க, அதன் தடயம் மட்டும் அழிகிறது. திருடனைக் கண்டு குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப்போவதுதான் இது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்துவிட்டது. பிடித்த கரியை அது சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, வீடு என்று தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. விளக்கு எரியும். அது மெக்கானிக்கைக் கூப்பிடும் விளக்கு அல்ல. நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லி நம்மிடம் கேட்கும் விளக்கு. அவினாசி வரை ஒரு நடை போய்வந்தால் தீர்ந்துவிடக்கூடியதை விட்டுவிட்டால், வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகும்.

ஒரு துண்டு ஒயர்

இதுவரை சொன்னதெல்லாம் விளக்கை மதியுங்கள் என்ற ஒரே பேச்சுதான். நானும் நெடுநாள் அதோடு நின்றிருந்தேன். அது போதாது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்.

என் மைத்துனன் முதல் கார் வாங்க ஆசைப்பட்டான். கைக்குழந்தை இருக்கும் வீடு. ஏர்பேக் உள்ள வண்டிதான் வேண்டும் என்று தேடி, நகருக்கு வெளியே ஒரு பழைய கார் விற்பனை இடத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு பெட்ரோல் காரைப் பிடித்திருந்தான். பெயின்ட் பளபளத்தது, இருக்கை உறைகள் புதிது, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. அண்ணனை அழைத்துக்கொண்டு போனோம். அவர் காரைச் சுற்றி வரவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை. நேராக பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடாக இருக்கிறது. நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து என் மைத்துனனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் ஜன்னலில் குனிந்து நின்றேன்.

"தம்பி, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புகிறேன். ஸ்டார்ட் செய்யப்போவதில்லை. விளக்குகளை மட்டும் பாருங்கள்."

விளக்குகள் மொத்தமாக எரிந்தன. பேட்டரி, ஆயில், என்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், ஹேண்ட்பிரேக். சாவி திருப்பியதும் எல்லாம் எரிவது நம் கண்ணுக்கு அழகு காட்ட அல்ல. விளக்குகள் உயிரோடு இருக்கின்றனவா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக் காட்டுகிறது. மூன்று நொடி போல ஆனதும் ஏபிஎஸ் விளக்கு அணைந்தது. அண்ணன் கையைத் தூக்கிக் காத்திருக்கச் சொன்னார். பேட்டரியும் ஆயிலும் என்ஜின் ஓடினால்தான் அணையும், அது சரி. ஏர்பேக்குக்குத் தனிக் கணினி உண்டு. தன் ஒயர்களைச் சோதித்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் என்ஜின் ஓடாவிட்டாலும் சில நொடிகளில் அதுவே விளக்கை அணைத்துவிட வேண்டும். அணையவில்லை. அரை நிமிடம் ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று. அண்ணன் என்ஜினை ஸ்டார்ட் செய்தார். ஆயில் விளக்கு அணைந்த அதே கணத்தில் ஏர்பேக் விளக்கும் அணைந்தது. "பார்த்தீர்களா? இரண்டும் கைகோத்துக்கொண்டு போகின்றன. ஏர்பேக்குக்கும் ஆயிலுக்கும் என்ன உறவு?" என்றார்.

மீட்டரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டபோது விற்பவருக்கு முகம் மாறியது. கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசியில், பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். மீட்டர் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி அண்ணன் டார்ச்சை உள்ளே அடித்தார். பத்து வருடத் தூசி எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் ஒரே சீராகப் படிந்திருந்தது. அதன் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு பச்சை ஒயர் மட்டும் தூசியில்லாமல் கிடந்தது. அதன் இரண்டு முனையிலும் ஈயப் பற்று புதிதாக மின்னியது. ஏர்பேக் விளக்கை அதன் கணினியிலிருந்து துண்டித்து ஆயில் விளக்கோடு இணைத்திருந்தார்கள். சாவி திருப்பினால் எரியும், ஸ்டார்ட் செய்தால் அணையும், வாங்குபவர் திருப்தியாகப் பணம் கொடுப்பார். ஸ்டியரிங் நடுவிலிருக்கும் மூடியின் விளிம்பை அண்ணன் நகத்தால் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் பசை தடவி ஒட்டிய தடம் இருந்தது. எப்போதோ ஒரு விபத்தில் அந்த ஏர்பேக் வெடித்திருக்க வேண்டும், புதியது போடும் செலவை யாரோ மிச்சம் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று விற்றவர் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஒயரை வைத்தது யார் என்று தெரியாமலே அந்தக் கார் எத்தனை கை மாறியதோ.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எரியும் விளக்கை மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன், அலட்சியப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். விளக்கையே பொய் சொல்லப் பழக்குவதை அன்றுதான் பார்த்தேன். அந்தக் குழந்தையின் அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், காப்பாற்ற ஏர்பேக் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. திரும்பும் வழியில் அண்ணன் இதைவிட நுட்பமான வேலையும் இருப்பதாகச் சொன்னார். ஏர்பேக்கை எடுத்துவிட்டு அதே அளவு மின்தடை உள்ள, ஏறத்தாழ 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்த ஒயரில் மாட்டிவிடுவார்களாம். ஏர்பேக் இருக்கிறது என்று கணினியே ஏமாந்துபோகும், விளக்கும் முறைப்படி எரிந்து முறைப்படி அணையும். அதைச் சாவி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டும், அல்லது அந்தக் காரின் சர்வீஸ் வரலாற்றையும் இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. அந்தக் கார்கள் பழைய கார் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்ட காலம் இது. வாங்கப் போகிறவர்கள் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாவியை ஆனில் வைத்து ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்யாமல் உட்காருங்கள். எது எரிகிறது என்பதோடு, எது எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை, எது யாரோடு சேர்ந்து அணைகிறது என்றும் பாருங்கள்.

விளக்கே இல்லாத ஆபத்துகள்

அன்றிலிருந்து அணைந்திருக்கும் விளக்கை நான் முழுதாக நம்புவதில்லை. ஏமாற்று வேலை எதுவும் நடக்காத புதுக் காரிலும் சில ஆபத்துகளுக்கு விளக்கே கிடையாது. எங்கள் பக்கத்து மலைப்பாதைகள் இதற்குச் சாட்சி. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கினால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தாது. பெடல் தரை வரை போய்விடும். இத்தனை நடக்கும்போதும் டேஷ்போர்டில் ஒன்றும் எரியாது. டப்பாவில் ஆயிலின் அளவு குறையவில்லையே! பல கார்களின் கையேட்டிலும் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. ஓடிய கிலோமீட்டர் குறைவுதானே என்று நம் ஊரில் அதைத் தள்ளிப்போடுகிறோம். கிலோமீட்டருக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை.

பிரேக்குக்கு இருக்கும் ஒரே சிவப்பு விளக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹேண்ட்பிரேக் போட்டாலும் அதுதான் எரிகிறது, டப்பாவில் ஆயில் குறைந்தாலும் அதுதான் எரிகிறது. பிரேக் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருகிறது, அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குகிறது. ஆகவே விளக்கு எரிந்தால் ஒழுகுகிறதா, பேட் தேய்ந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பலர் கடையில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பேட் தேய்ந்ததைச் சொல்ல இருந்த வாயும் அடைந்துவிடுகிறது.

என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனால் சூட்டை அளக்கும் சென்சார் வெறும் காற்றில் நின்று, கொதிக்கும் என்ஜினைக் குளிர்ந்திருப்பதாகக் காட்டக்கூடும். கையால் பார்ப்பதற்கு மாற்று இல்லை. காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பக்கவாட்டில் இருக்கும் வெள்ளை டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். குறைந்திருந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்ற வேண்டாம், அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். சூடான என்ஜினில் மூடியைத் திறப்பது கையையும் முகத்தையும் பொசுக்கும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும், மூடி திறந்ததும் மொத்தமாகப் பொங்கும்.

டயரில் காற்றடிக்கும்போது பையன் "எவ்வளவு?" என்று கேட்டால், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. நம் காருக்கான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் வயதும் அதன் மேலேயே இருக்கிறது. நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியின் எண்ணையும் ஒருமுறை பாருங்கள், பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

யாருக்குச் சொல்வது

இவற்றில் பெரும்பகுதி காரோடு வரும் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டு அறைக்குள் கிடக்கிறது. எல்எல்ஆர் தேர்வில் சாலைச் சின்னங்களைத் தமிழிலேயே கேட்கிறார்கள். வண்டிக்குள்ளே இருக்கும் சின்னங்களை யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் காரை ஓட்டிப் பிழைப்பவர்களில் பலருக்கும் அந்தப் பக்கங்கள் எட்டவே எட்டாது. இது எனக்கு மிகவும் வருத்தமான சங்கதி. ஒரு தயாரிப்பாளர் பத்துப் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டால் எத்தனை என்ஜினும் எத்தனை உயிரும் மிஞ்சும்.

எங்கள் குடியிருப்பில் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர்கள் காலையில் கார் நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். விளக்குகளின் படத்தை வரிசையாக வரைந்து, எது எரிந்தால் உடனே நிற்க வேண்டும், எதற்கு எத்தனை நாள் பொறுக்கலாம் என்று தமிழில் ஒரு தாள் தயாரித்து அவர்களிடம் கொடுத்தேன். அண்ணனையும் ஒருநாள் வரவழைத்தேன். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, சொருகி, மறுபடி எடுத்துப் பார்க்கும் முறையைக் காட்டினார். ஆயில் பால் கலந்தது போல் வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்றார். எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்: "ஐயா, சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்திவிடுகிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, போ என்று சொன்னால் நான் என்ன செய்வது?"

அதற்கு அண்ணனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதே தாளை உரிமையாளர்களிடம் கொடுத்தேன். கீழே ஒரு வரி சேர்த்திருந்தேன்: சிவப்பு விளக்கு எரிந்தால் டிரைவர் வண்டியை நிறுத்துவார், காத்திருக்கும் செலவும் ஆட்டோ செலவும் உரிமையாளருடையது. சிலர் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். சிலர் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். கேள்வி கேட்ட அந்த டிரைவரின் உரிமையாளர் அம்மா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அந்த எண்ணெய்க் குடுவை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று அவரை அழைத்துக்கொண்டு காருக்குப் போனார்.